‘கை வலிக்குது மிஸ்’ என்று பிள்ளை சொன்னால்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதத்தில் மட்டும் என்னிடம் பியானோ படித்த மூன்று பேர் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோவையில், ஒருவர் இங்கேயே பெரம்பூரில். “மிஸ், பாப்பா பியானோ படிக்கிறாள், மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள், தைலம் தேய்த்துவிட்டு வாசிக்கச் சொல்லலாமா?” இதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒன்றை எழுதியதும் மற்ற இரண்டு பேருக்கும் அதேதான் என்று தெரிந்தது. இன்னும் கேட்காதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ! அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

முதல் பதில்: வாசிக்கச் சொல்லக் கூடாது. வலிக்கிறது என்றால் அன்றைக்கு மூடியை மூடிவிட வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. கஷ்டப்பட்டால்தான் கலை வரும், வலியைப் பொறுத்துக்கொண்டவன்தான் முன்னுக்கு வருவான் என்று. உழைப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் களைப்பு வேறு, வலி வேறு. அரை மணி நேரம் வாசித்த பிறகு கை சோர்ந்துபோய், கொஞ்சம் உதறிவிட்டுத் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டால் அது களைப்பு. குத்துவது, எரிவது, இழுத்துப் பிடிப்பது, மறுநாள் காலையிலும் இருப்பது, இதெல்லாம் வலி. நல்ல முறையில் வாசிக்கிற பிள்ளைக்கு வலி வர வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் பியானோவுக்குள்ளும் கைக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், முதல் வகுப்பிலேயே பியானோவின் மேல் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்க்கச் சொல்வேன். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியை அடிக்கிறது. கட்டை கீழே போகிற தூரம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். அதைக் கீழே இறக்கத் தேவையான எடை ஏறக்குறைய 50 கிராம், ஒரு சின்னக் கோழிமுட்டையின் எடை. கட்டை அடிமட்டத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்துபோய் அடித்துவிட்டுத் திரும்புகிறது. அதற்குப் பிறகு கட்டையை எவ்வளவு அமுக்கினாலும் சத்தம் ஒரு துளிகூட மாறாது. வீசின கல்லைக் கை நீட்டித் துரத்துகிற மாதிரிதான். சத்தம் பெரிதாக வேண்டுமானால் கட்டை வேகமாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கின பிறகு அமுக்குகிற பலம் எல்லாம் மரத்தில் மோதி நம் விரலுக்கே திரும்பி வருகிறது.

வகுப்பில் நிறைய பிள்ளைகள் இப்படித்தான் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். நகம் வெளுத்துப் போயிருக்கும், கட்டைவிரல் கம்பி மாதிரி நிற்கும், தோள் காது வரை ஏறியிருக்கும். “யாரும் கட்டையைத் திருடிக்கொண்டு போகமாட்டார்கள், விடு கண்ணு” என்று நான் சொன்னது உங்களில் பலருக்கு இன்னும் காதில் கேட்கும்.

இனி கை. இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இடது கையால் வலது முன்னங்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஆட்டுங்கள். முன்னங்கைக்குள் ஏதோ நெளிவது தெரிகிறதா? விரல்களை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியாக விரல் நுனி வரை போகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுக்கிற மாதிரி. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு முக்கியமான நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை ரொம்பவும் மேலேயோ கீழேயோ வளைத்து வைத்துக்கொண்டு வேகமாக வாசித்தால் அந்த இடத்தில் நெருக்கடி அதிகமாகிறது. ஆயிரக்கணக்கான தடவை அப்படி உரசினால் வீக்கம் வருகிறது, நரம்பு நசுங்கினால் மரத்துப்போகிறது. “மணிக்கட்டைத் தொங்கவிடாதே, தூக்கிக்கொள்ளவும் செய்யாதே, முன்னங்கையோடு நேராக இருக்கட்டும்” என்று ஆசிரியர்கள் சொல்வது பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை.

இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

பதினைந்து வயது. எட்டாவது கிரேடு பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. மெலிந்த கை, சுண்டுவிரல் குட்டையானது. எடுத்திருந்த பாட்டில் ஆக்டேவ் வரிசையாக வரும். நன்றாக வாசிக்கிற பெண், பிடிவாதக்காரி. ஒரு நாள் வகுப்புக்கு வந்தவள் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்து, பல்லால் மூடியைத் திறந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசிக்கும்போது பார்த்தால் வலது கை ஆக்டேவ்களில் மேல் ஸ்வரத்தை விட்டுவிட்டுப் போகிறாள், தெரியாமல் இருக்க பெடலை அழுத்திக்கொள்கிறாள். “எத்தனை நாளா வலிக்குதும்மா?” என்றேன். அழுதுவிட்டாள். ஐந்து வாரமாம். ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உட்காருவாளாம். “அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ், ஃபீஸ் கட்டியாச்சு” என்றாள்.

சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? அவள் அம்மாவைக் கூப்பிட்டு, உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், பரீட்சை இந்த முறை வேண்டாம் என்றேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. ஒற்றைச் சம்பளத்தில் வீட்டை ஓட்டி, பழைய பியானோ ஒன்றைத் தவணையில் வாங்கிப் போட்டவர். “இவ்வளவு தூரம் வந்துட்டு விடச் சொல்றீங்களே மிஸ், ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சிடும்” என்றார். பிறகு, “மத்த பிள்ளைங்கள்லாம் வாசிக்கலையா?” என்றும் கேட்டார். நான் அந்தப் பாட்டைச் சொல்லித்தர முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபமாகக் கிளம்பிப் போனார்கள். மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. வேறு யாரிடமாவது போய்ப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருப்பாளோ என்று எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது.

நான்காவது வாரம் அந்த அம்மாவே வந்தார். பள்ளியில் கணக்குப் பரீட்சையில் பேனா பிடிக்க முடியாமல் பிள்ளை பாதியில் எழுந்துவிட்டாளாம். அதன் பிறகுதான் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். தசைநாண் வீக்கம், நரம்பும் அழுத்தப்பட்டிருக்கிறது, முழு ஓய்வு, இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை, பிறகு பிசியோதெரபி. பியானோ பக்கமே போகக் கூடாது என்று மூன்று மாதம். பிறகு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அடுத்த வாரம் எட்டு நிமிடம் என்று ஆரம்பித்தோம். பழைய வேகம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எட்டாவது கிரேடு அவள் எழுதவே இல்லை. அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி என்று வந்துவிட்டது. இன்றைக்கும் வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிற வீடியோவை எனக்கு அனுப்புவாள். சான்றிதழ் இல்லாதது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கை இருக்கிறது, பாட்டும் இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற கதை என்று நினைக்காதீர்கள். பெரிய பெரிய மேதைகள் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

ஷூமன் லைப்சிக் நகரத்தில் பியானோ மேதையாக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர். 1830களின் தொடக்கத்தில், இருபது வயது கடந்த சமயத்தில், வலது கை விரல் சொன்னபடி கேட்காமல் போய்விட்டது. விரலைப் பழக்க ஒரு கருவியையும் பயன்படுத்தினார். எதனால் வந்தது என்பதில் இன்னமும் வாதம் நடக்கிறது. மேடைக் கனவு அதோடு முடிந்து, இசையமைப்பாளர் ஆனார். அவர் மனைவி கிளாரா, அந்தக் காலத்திலேயே ஐரோப்பா முழுவதும் வாசித்துப் பெயர் வாங்கியவர். அவரும் 1870களில் கைவலியால் கச்சேரிகளை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

ரஷ்யாவில் ஸ்க்ரியாபின். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் படிக்கும்போது, சக மாணவர்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று லிஸ்ட்டின் கடினமான ஒரு படைப்பை விடாமல் சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். அவருடைய கையும் சின்னது. குணமாகிற காலத்தில் இடது கையை வளர்த்தார். இடது கைக்கு மட்டும் என்று அவர் எழுதிய பிரிலூடும் நாக்டர்னும் 1894இல் வந்தன. கேட்டுப் பாருங்கள், ஒரு கைதான் வாசிக்கிறது என்று நம்பவே முடியாது.

அமெரிக்காவில் லியோன் ஃப்ளைஷர். 1960களின் நடுவில், 36 வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, வலது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. அது தசை சம்பந்தப்பட்டது இல்லை, மூளை விரல்களுக்கு அனுப்புகிற கட்டளையில் ஏற்படுகிற குழப்பம், டிஸ்டோனியா என்பார்கள். அன்றைக்கு அது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை. முப்பது வருடம் இடது கைப் படைப்புகளை வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், இசைக்குழு நடத்தினார். 1990களில் போடாக்ஸ் ஊசியும் உடற்பிடிப்புச் சிகிச்சையும் உதவ, மறுபடியும் இரண்டு கையாலும் வாசித்தார். 2004இல் வந்த அவருடைய இசைத்தட்டுக்கே ‘இரண்டு கைகள்’ என்றுதான் பெயர்.

அதே காலத்தவர் கேரி கிராஃப்மன். 1970களின் கடைசியில் அவருடைய வலது கையும் இதே மாதிரி போனது. இந்த இரண்டு பேரும் தங்கள் கை நிலையைப் பகிரங்கமாகப் பேசிய பிறகுதான் பல கலைஞர்கள் தங்களுக்கும் இருக்கிறது என்று வாய் திறந்தார்கள். அதற்கு முன்பு வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று மறைத்தவர்கள்தான் அதிகம். தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்த என் மாணவியும் அதையேதான் செய்தாள். அதனால்தான் சொல்கிறேன், வலியைவிட ஆபத்து அதை மறைப்பதில் இருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் உட்காருகிற இடத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேசை மேல் கீபோர்டை வைத்து வாசிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! கட்டைகள் நெஞ்சு உயரத்தில் இருக்கும், தோள் தூக்கியபடியே இருக்கும். சிலர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். முழங்கை, கட்டைகளின் உயரத்துக்கு ஒட்டி இருக்க வேண்டும். முன்னங்கை தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். உயரம் போதவில்லை என்றால் கெட்டியான மெத்தை ஒன்றை மடித்துப் போடுங்கள், அமுங்குகிற தலையணை வேண்டாம். சின்னப் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கினால் முதுகும் தோளும் இறுகிவிடும். காலடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள், போதும்.

அடுத்தது கருவி. வீட்டில் இலகுவான கட்டைகள் உள்ள கீபோர்டில் சாதகம் செய்துவிட்டு, பரீட்சையில் நிஜப் பியானோ முன்னால் உட்காரும்போது பிள்ளை பயந்து அமுக்க ஆரம்பிக்கும். முடிந்தால் எடையுள்ள கட்டைகள் இருக்கிற கருவியாகப் பாருங்கள். முடியாவிட்டால் பரீட்சைக்கு முன்பு சில நாட்களாவது நிஜப் பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். நிஜப் பியானோ வைத்திருக்கிறவர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் மரமும் கம்பளித் துணியும் ஈரத்தை வாங்கி ஊதிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். கட்டை மெதுவாக இறங்கும், சில நேரம் எழும்பவே எழும்பாது. பிள்ளை அதற்கும் சேர்த்துப் பலம் கொடுக்கும். ட்யூனரைக் கூப்பிடுங்கள். சுருதி சேர்க்க மட்டும் இல்லை, கட்டையைச் சரிபார்க்கவும்தான்.

மூன்றாவது, நேரம். காயம் பெரும்பாலும் திடீரென்று கூட்டுவதால் வருகிறது. வருடம் முழுக்க இருபது நிமிடம் வாசித்த பிள்ளையைப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் கை என்ன செய்யும்? அதே மாதிரி, மே மாதம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வந்த முதல் நாளே பழைய அளவுக்கு வாசிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும். கடினமான ஒரே பத்தியை ஐம்பது தடவை திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நான்கைந்து தடவை வாசித்துவிட்டு வேறு பகுதிக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். மீதி நேரம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் வாசிக்கட்டும். கை ஓய்வில் இருக்கும்போதும் பாட்டு வளரும். நான் பஸ்ஸில் போகும்போது பாதிப் பாட்டுகளை மனப்பாடம் செய்தவள்.

வேகத்துக்கு முன்னால் விடுதலை. ஹானன் புத்தகம் எல்லோருக்கும் தெரியும். 1873இல் வெளிவந்த பயிற்சிகள், இன்னமும் எல்லா வீட்டு ஸ்டாண்டிலும் இருக்கிறது. அதில் விரலை உயரமாகத் தூக்கி வாசிக்கச் சொல்லியிருக்கும். அந்தக் காலத்துப் பழக்கம் அது. தூக்கித் தூக்கி அடித்தால் மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒன்றோடொன்று இழுபறி போடும். புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விரலைக் கட்டைக்கு அருகிலேயே வைத்து, மெதுவாக, சேர்ந்தாற்போல் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்தால் போதும்.

நான்காவது, கையின் அளவு. பியானோவில் ஒரு ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். அது குழந்தைக்கும் அதேதான், ஆறடி உயர ஆளுக்கும் அதேதான். வயலினில் அரை அளவு, முக்கால் அளவு என்று சின்னப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, பியானோவில் அந்த வசதி சாதாரணமாகக் கிடையாது. யோசஃப் ஹாஃப்மன் என்ற மேதைக்குக் கை சின்னது என்பதால் ஸ்டெய்ன்வே கம்பெனி அவருக்காகக் கட்டைகளைச் சற்றுக் குறுக்கிச் செய்து கொடுத்தது. நம் பிள்ளைக்கு யார் செய்து தருவார்கள்? அதனால் பாட்டைத்தான் கைக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும். கிரேடு பாடத்திட்டங்களில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்த பாட்டுதான் வேண்டும் என்று ஆசிரியரை நெருக்காதீர்கள்.

கை ஒன்றுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பியானோ ஒரு மணி நேரம், வீட்டுப்பாடம் எழுதுவது இரண்டு மணி நேரம், போனில் விளையாட்டு இரண்டு மணி நேரம் என்றால் அந்தக் கை ஐந்து மணி நேரம் வேலை செய்திருக்கிறது. கை வலிக்கிறது என்று பியானோவை நிறுத்திவிட்டு போனைக் கையில் கொடுத்தால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? விரல் மரத்துப்போனால், குறுகுறுத்தால், ராத்திரி வலியால் விழித்துக்கொண்டால், பொத்தான் போடவோ சாவி திருப்பவோ பலம் இல்லாவிட்டால், வீக்கம் தெரிந்தால், சில நாள் ஓய்வு கொடுத்தும் வலி போகாவிட்டால், தாமதிக்க வேண்டாம். வலி இல்லாமலேயே ஒரு விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டுகொண்டால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். இன்னும் அதிகமாகச் சாதகம் செய்து அதை வழிக்குக் கொண்டுவரப் பார்க்க வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டோ தைலம் தேய்த்துக்கொண்டோ வாசிக்க வைக்காதீர்கள். வீட்டில் புகை வந்தால் மணி அடிக்கிற கருவி இருக்கிறதே, அதன் கம்பியைப் பிடுங்குகிற வேலை அது.

பெற்றோராகிவிட்ட என் பிள்ளைகளுக்கு ஒன்று. “இன்னிக்கு எத்தனை மணி நேரம் வாசிச்சே?” என்று கேட்பதற்குப் பதிலாக, “இன்னிக்கு கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுப் பழகுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை என்ன சொன்னாலும் முகம் சுளிக்காமல் இருங்கள். ஒரு தடவை முகம் சுளித்தால் அடுத்த தடவை அது சொல்லாது. ஆசிரியர்களாகிவிட்ட பிள்ளைகளுக்கு: தாளைப் பார்க்கிற நேரத்தில் பாதியாவது பிள்ளையின் தோளையும் கட்டைவிரலையும் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கிறதா என்று கவனியுங்கள். பரீட்சையைத் தள்ளிப்போடச் சொல்லத் தயங்காதீர்கள். அப்படிச் சொன்னதற்காக ஒரு மாணவர் போனாலும் போகட்டும்.

பியானோ பக்கமே வராத என் சொந்தக்காரர்களுக்கும் இது பொருந்தும். தையல் மெஷினில் குனிந்தே இருக்கிற சித்திக்கும், நாள் முழுக்க லேப்டாப்பில் தட்டுகிற பேரன் பேத்திகளுக்கும், வீணை படிக்கிற சின்னவளுக்கும் கை இதே கைதான். உயரத்தைச் சரி செய்யுங்கள், தோளை இறக்குங்கள், இடையில் எழுந்து நடங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைக்குத் தனியாக: பாப்பா உட்கார்ந்து வாசிக்கிறதைப் பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முகம் வேண்டாம், தோளிலிருந்து விரல் வரை தெரிந்தால் போதும். உயரம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். மற்றவர்களும் அனுப்பலாம். கண் ஆபரேஷன் ஆன பிறகு எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, யாரும் தப்பிக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். பதில் வர ஒரு நாள் ஆகலாம், என் விரலுக்கும் இப்போது ஓய்வு வேண்டும்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
உங்கள் பியானோ மிஸ்